எட்டு நிமிஷப் பாலம்

சின்ன வயசுல எங்களுக்கு ஊர்சுத்தல்னா மண்டபத்துல வண்டி ஏறி பாம்பன்ல இறங்குறதுதான். அப்பா ரயில்வேல தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன், பாஸ் உண்டு, லீவு விட்டா போதும் நானும் தங்கச்சியும் கிளம்பிடுவோம். மண்டபம் தாண்டினதும் கொஞ்ச தூரம் உடைமரம், மணல், அங்கங்க பனைன்னு போகும், அப்புறம் சத்தம் மாறும். தரையில ஓடுறப்ப ஜல்லி பாதி சத்தத்தை முழுங்கிடும், பாம்பன் பாலத்து இரும்புக் கர்டர் மேல ஏறினதும் தகர டப்பாக்குள்ள ஓடுற மாதிரி ஒரு கனமான கணகணப்பு, கீழ மண்ணு இல்லங்கிறது கண்ணுக்கு முன்னாடி காதுக்குத்தான் தெரியும். எட்டிப் பார்த்தா பக்கத்துல சுவர் இல்லை, கம்பி இல்லை, ஜன்னலுக்குக் கீழ நேரா தண்ணி. வண்டி சைக்கிள் போற வேகத்துலதான் போகும். ஒரு தடவை அப்பாவோட வாட்ச்சை வாங்கி கட்டிக்கிட்டு பார்த்தேன், எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த எட்டு நிமிஷமும் பெட்டியில பேச்சு குறைஞ்சிடும். வடக்கத்திக்காரங்க கும்பிட்டுக்கிட்டே காசு எடுத்து கடல்ல போடுவாங்க, நம்ம ஊரு ஆளுங்க சும்மா தண்ணியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, தினம் பார்க்கிறவங்களும் அப்படித்தான்.

2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப்பாலம் திறந்தாங்க, நடுவுல 72.5 மீட்டர் ஸ்பான், அதாவது ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற பாகம், லிஃப்ட் மாதிரி நேரா மேல போகுது, நல்ல பாலம், வேணும்ங்கிறதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்லை. ஆனா 1914 பிப்ரவரி 24ல இருந்து நின்ன பாலம் ஒண்ணு சும்மா நின்னுச்சு, அது மேல சத்தமே இல்லைங்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ரோட்டுப் பாலத்துல பைக்கை நிறுத்திட்டு எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கேன். மாடல் ரயில் பத்தி பத்து வருஷமா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தவன், அப்படி ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மாடி ரூம்ல டேப்பை எடுத்து சுவரை அளந்தேன். பத்தடி. 305 செமீ.

இது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும் உதவட்டும்னு கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

முதல் சண்டை ஸ்கேல், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கிறதுங்கிறது. உலகத்துல அதிகம் பேர் செய்யிறது ஹெச்ஓ, அதாவது 1:87, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 16.5 மிமீ. அதை விட சின்னது என், 1:160, நடுவுல 9 மிமீ. இது ரெண்டுமே 1435 மிமீ ஸ்டாண்டர்ட் கேஜை வெச்சு வந்த கணக்கு, நம்ம ஊர்ல பிராட் கேஜ் 1676 மிமீ, நான் மாடலா செய்ய நினைச்ச தொண்ணூறுகள்ல பாம்பன்ல ஓடினது மீட்டர் கேஜ், சரியா 1000 மிமீ. அதனால கடையில கிடைக்கிறது எதுவும் அப்படியே பொருந்தாது. ஹெச்ஓல மீட்டர் கேஜ் செய்யணும்னா 12 மிமீ ட்ராக் வேணும், அது கிடைக்குது, பீக்கோங்கிற கம்பெனி போடுறாங்க, ஆனா விலையும் ஜாஸ்தி, அதுக்கு ஏத்த இன்ஜின் அடிப்பாகம் தேடுறது அதை விட கஷ்டம். என் கேஜ் 9 மிமீ ட்ராக்கை எடுத்துக்கிட்டு, அது மீட்டர் கேஜா தெரியணும்னா உடம்பு எந்த ஸ்கேல்ல இருக்கணும்னு திருப்பிப் போட்டேன். 1:111 வந்துச்சு. பக்கத்துல இருக்கிற பழக்கமான ஸ்கேல் 1:120, அதுல மீட்டர் கேஜ் 8.33 மிமீ, நம்ம கிட்ட இருக்கிறது 9, முக்கால் மிமீக்கும் கம்மியான வித்தியாசம், கண்ணு கண்டுபிடிக்காது. இன்னொரு வசதியும் அமைஞ்சது. அமெரிக்காக்காரங்க ஆறு அச்சு டீசல் இன்ஜின் என் கேஜ்ல 13 செமீ நீளம் வருது, நம்ம மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒய்டிஎம்-4ஐ 1:120க்கு சுருக்கினா கிட்டத்தட்ட அதே நீளம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு இன்ஜின் வாங்கி மேல் உடம்பைக் கழட்டிட்டு, ஸ்டைரீன்னு சொல்ற பிளாஸ்டிக் ஷீட்ல ஒய்டிஎம்-4 உடம்பு வெட்டி ஒட்டி மாட்டினேன்.

ஸ்கேல் முடிவானதும்தான் உண்மையான பிரச்சனை தெரிஞ்சுது. பாம்பன் பாலம் 2065 மீட்டர். 1:120ல அது 17 மீட்டருக்கு மேல. என் சுவர் 3 மீட்டர். 145 சின்ன ஸ்பான், ஒவ்வொண்ணும் 40 அடி கர்டர், என் ஸ்கேல்ல ஒண்ணு 10 செமீ. நடுவுல கப்பல் போறதுக்காக ரெண்டு பாதியா தூக்குற ஷெர்ஸர் ஸ்பான் 225 அடி, அது மட்டும் 57 செமீ.

எல்லாத்தையும் ஒரே அளவுக்கு நசுக்கிறலாம்னு முதல்ல தோணும், நானும் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், கர்டர் ஏழு செமீ, ஷெர்ஸர் 40 செமீன்னு. பார்க்க பொம்மையா இருந்துச்சு. ரயில் பெட்டி அதே அளவுல இருக்கப்ப பாலம் மட்டும் சுருங்கினா கண்ணு உடனே பிடிச்சுக்கும். அப்புறம்தான் புரிஞ்சுது, எதையும் அளவுல சுருக்கக் கூடாது, எண்ணிக்கையிலதான் குறைக்கணும். 145க்கு பதிலா 12 ஸ்பான், ஆனா ஒவ்வொண்ணும் முழுசா 10 செமீ. ஷெர்ஸர் முழுசா 57. மொத்தம் 180 செமீக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் 125 செமீல ஒரு பக்கம் மண்டபம் கரை, இன்னொரு பக்கம் பாம்பன் ஸ்டேஷன். 12 தூணு வரிசையா நிக்கிறதைப் பார்த்தா மனசு மிச்சத்தைப் போட்டு நிரப்பிக்குது, நம்புங்க. சின்ன இடத்துல லேஅவுட் போடுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், எதைக் குறைச்சாலும் உங்க கண்ணு முதல்ல தேடுற பொருளைக் குறைக்காதீங்க. எனக்கு அது ஷெர்ஸர். உங்களுக்கு அது ஒரு ஸ்டேஷன் கட்டடமா இருக்கலாம், ஒரு லெவல் கிராஸிங்கா இருக்கலாம்.

பாம்பன் ஸ்டேஷனை நான் ரொம்பவே குறைச்சேன். ஒரு பிளாட்பாரம், பக்கத்துல பிரிஞ்சு போய் திரும்ப சேர்ற ஒரு லூப், முட்டி நிக்கிற ஒரு சைடிங், லைன் பிரியிற பாயிண்ட் மூணு, அவ்வளவுதான். 1964 புயலுக்கு முன்னாடி பாம்பன் ஜங்ஷன், ஒரு லைன் ராமேஸ்வரத்துக்கு, ஒரு லைன் தனுஷ்கோடிக்கு, போட் மெயில் ரயில்ல வர்றவங்க தனுஷ்கோடியில கப்பல் ஏறி தலைமன்னார் போவாங்க. அதைச் செய்யத்தான் ஆசை. ஆனா நான் பார்த்ததை செய்யணும், கேட்டதை இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். நான் பார்த்தது தொண்ணூறுகள்ல வர்ற ஒய்டிஎம்-4, பின்னால மீட்டர் கேஜ் பெட்டி.

மண்டபம் பக்கம் ஸ்டேஷனே இல்லை. உடைமரக் காட்டுக்குப் பின்னால லைன் மறைஞ்சு போகும், அங்க கேசட்னு ஒரு ஏற்பாடு. ஒரு மீட்டர் நீள ரீப்பர்ல ரெண்டு அலுமினிய ஆங்கிளை 9 மிமீ கேஜுக்கு சரியா வெச்சு ஸ்க்ரூ பண்ணினா அதுவே தண்டவாளம், அதுவே கரண்ட் போற கம்பி. வண்டி முழுசா அதுல ஏறினதும் அப்படியே கையில தூக்கித் திருப்பி வெச்சா மறுபடி பாம்பன் போக ரெடி. சின்ன ரூம்ல வட்டமா சுத்துற லேஅவுட் போட்டு ரயில் தன் வாலைத் தானே துரத்துற மாதிரி ஓட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மேஜைக்கு முதல்ல சாதா ப்ளைவுட் வாங்கினேன். கடக்கரையில அந்தத் தப்பை யாரும் செய்யாதீங்க. ஐப்பசி மழை முடியிறதுக்குள்ள ஓரம் பிரிஞ்சு ஏடு ஏடா எந்திரிச்சு நின்னுச்சு, நடுவுல அரை இஞ்சு வளைவு. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் மண்டபத்துல படகு கட்டுற ஓடாவி, அவர் கிட்ட புலம்பினேன். "தம்பி, தண்ணிக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு மெரைன் ப்ளை போடாம எதை போட்ட?"ன்னு கேட்டார். ஐஎஸ் 710ன்னு முத்திரை இருக்கிறதைப் பார்த்து 12 மிமீ வாங்கி, வெட்டின ஓரத்துக்கெல்லாம் ரெண்டு கோட்டு வார்னிஷ் அடிச்சு, ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு, ஒரு மிமீ அசையலை.

உயரம் நாலடி நாலு இஞ்சு வெச்சேன். ஸ்டூல்ல உக்காந்து பார்த்தா தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல கண்ணு வரும், நாட்டுப்படகுல இருந்து பாலத்தைப் பார்க்கிற மாதிரி. மேல இருந்து குனிஞ்சு பார்த்தா எந்தப் பாலமும் சின்னதாத்தான் தெரியும்.

இனி கடல். இதுக்கு நான் செலவழிச்ச நேரம் மத்த எல்லாத்தையும் சேர்த்தாலும் வராது.

எங்க ஊர்ல வடக்க இருக்கிற பாக் கடலை பெண்கடல்ங்குவாங்க, தெக்க மன்னார் வளைகுடாவை ஆண்கடல். வருஷத்துல பெரும்பாலான நாள் வடக்க தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி கிடக்கும், தெக்க அலை அடிச்சுக்கிட்டே இருக்கும், வாடைக்காத்து எடுத்தா மட்டும் வடக்க உள்ளது தன் குணத்தைக் காட்டும். பாலம் இந்த ரெண்டுக்கும் நடுவுல போகுது. அப்ப என் லேஅவுட்ல பாலத்துக்கு முன்னாடி ஒரு கடல், பின்னாடி ஒரு கடல் இருந்தாகணும், ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அது பாம்பன் இல்லை.

தண்ணிக்கு ரெசின் ஊத்தலாம்னு படிச்சிருந்தேன். ஓடாவி அண்ணன் கிட்டயே ஃபைபர் படகுக்குப் பூசுற பாலியெஸ்டர் ரெசின் கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன், ஹார்டனர் எத்தனை சொட்டுன்னு அவரே சொல்லி அனுப்பினார். கடலடிக்கு நான் தெர்மாக்கோல் ஷீட்டை செதுக்கி, பாறைத்திட்டெல்லாம் பெயிண்ட் அடிச்சு அழகா வெச்சிருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊத்தினேன். ஒரு நிமிஷம் கண்ணாடி மாதிரி நின்னுச்சு. அப்புறம் ஓரத்துல நுரை கட்டுச்சு, பெயிண்ட் அடிச்ச பாறை மெல்ல கீழ இறங்குச்சு, தெர்மாக்கோல் சர்க்கரை மாதிரி கரைஞ்சு போய் அடியில ப்ளைவுட் தெரியுது, ரூம் முழுக்க மூக்கை அறுக்கிற வாடை. பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மாக்கோலைக் கரைச்சிடும், தெர்மாக்கோலே பாலிஸ்டைரீன்தானே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். எபாக்ஸின்னா கரைக்காது. இதை ஒரு வரி எங்கயாவது படிச்சிருந்தா மூணு வார வேலை மிச்சமாயிருக்கும், அதான் இங்க எழுதுறேன்.

ரெண்டாவது தடவை ரெசினே வேண்டாம்னு விட்டுட்டேன். பெண்கடல் பக்கம் ப்ளைவுட்டை உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சு, கரையோரம் மணல் நிறம், அடுத்து வெளிறின பச்சை, கால்வாய் வர்ற இடத்துல கரும்பச்சை, நடுவுல அங்கங்க பாறைக்குக் கருப்புத் திட்டு, எல்லாம் ஈரம் காயிறதுக்கு முன்னாடி ஒண்ணோட ஒண்ணு கலக்குற மாதிரி அடிச்சேன். அது மேல பளபளப்பு வார்னிஷ் எட்டு கோட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள். ஆண்கடல் பக்கம் டிஷ்யூ பேப்பரை ஃபெவிகால் தண்ணியில நனைச்சுப் போட்டு, விரலால ஓரமா ஒதுக்கி ஒதுக்கி மடிப்பு எடுத்தேன், எல்லா மடிப்பும் தென்மேற்குல இருந்து வர்ற மாதிரி, சோழகக் காத்து அடிக்கிற திசையில. காய்ஞ்சதும் பெயிண்ட், மடிப்பு உச்சியில மட்டும் வெள்ளையைக் காய்ஞ்ச பிரஷ்ல தொட்டு இழுத்தது. தூணைச் சுத்தி தண்ணி சுழிக்கும்ல, அதுக்கு மட்டும் அரை நாள். பக்கத்து வீட்டு மரைக்காயர் பெரியவர் வந்து பார்த்துட்டு விரலை நீட்டி, "இது நம்ம பக்கத்து கடல், அது அந்தப் பக்கத்து கடல்"னு சொன்னார். நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை.

தூணுக்கு ஒரே ஒரு அச்சு செஞ்சு பிளாஸ்டர் ஊத்தி எடுத்தேன். அலை அடிக்கிற உயரம் வரைக்கும் பச்சையும் கருப்பும், அதுக்கு மேல வெளிறின சாம்பல், அதுக்கும் மேல துரு வடிஞ்ச கோடு. கர்டர் ஒரு மிமீ ஸ்டைரீன், ரிவெட் எல்லாம் ஷீட்டோட பின்பக்கத்துல இருந்து மழுங்கின ஊசியால ஒவ்வொண்ணா அமுக்கினது, ஒரு கர்டருக்கு ஒரு சாயங்காலம் பிடிக்கும். கலர் அலுமினியப் பெயிண்ட், வெயில்ல வெள்ளியா தெரியுமே, அது.

இப்ப ஷெர்ஸர். ரோட்டுப் பாலத்துல நின்னு பாலம் திறக்கிறதைப் பார்த்தவங்க நிறைய பேர் அது கதவு மாதிரி கீல்ல தூக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நானும் அப்படி நினைச்சுத்தான் முதல் மாடலுக்கு ரெண்டு சின்னக் கீல் வெச்சேன். தூக்கிப் பார்த்தா என்னவோ தப்பாவே இருந்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியலை. பழைய வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பார்த்தப்பதான் விளங்குச்சு, அது தூக்கறப்பவே பின்னாலயும் போகுது. வில்லியம் ஷெர்ஸர்ங்கிற அமெரிக்க இன்ஜினியரோட யோசனை அது. ஒவ்வொரு பாதியோட அடியிலயும் வில்லு மாதிரி வளைஞ்ச பாகம் ஒண்ணு இருக்கு, ஆடுற நாற்காலியோட அடிக்கட்டை மாதிரி, அது தட்டையான பாதை மேல உருளுது. பின்பக்கம் எதிர் எடை. அதனால ஒரு பாதி 415 டன் இருந்தாலும் ஆளுங்க கையால லீவரைச் சுத்தி திறக்க முடிஞ்சுது, எடையத் தூக்குற வேலையே இல்லை, சமநிலையில இருக்கிறதை உருட்டுற வேலைதான்.

என் மாடல்ல வளைவோட ஆரம் 6 செமீ. 75 டிகிரி உருண்டா கிட்டத்தட்ட 8 செமீ பின்னால போகும், இந்தக் கணக்கைப் போடாம விட்டதால முதல்ல எதிர் எடை போய் பக்கத்து கர்டர்ல இடிச்சுது, அந்த கர்டரைக் கழட்டி மாத்த வேண்டியதாப் போச்சு. எதிர் எடைக்கு மண்டபத்துல வலைக் கடையில விக்கிற ஈயக் குண்டு, வலை அடியில கட்டுறது, அதைத் தட்டையா அடிச்சு பெட்டிக்குள்ள அடுக்கினேன். ஒவ்வொரு குண்டா சேர்த்து விரலால தொட்டா நிக்கிற இடத்துல நிக்கிற வரைக்கும் பார்த்துப் பார்த்து வெச்சது. 415 டன்னை என் ஸ்கேலுக்குக் கொண்டு வந்தா சுமார் 240 கிராம் வரும், என்னோடது அதுல பாதிதான் இருக்கு, ஸ்டைரீன்ங்கிறதால. உருளுறப்ப வழுக்கக் கூடாதுன்னு கேபிள் டை இருக்கு பாருங்க, ஒயர் கட்டுறது, அதோட பல்லு இருக்கிற பக்கத்தை வெட்டி வளைவுலயும் பாதையிலயும் ஒட்டினேன், பல்லோட பல்லு கச்சிதமா உக்காந்துச்சு. திறக்கிறதுக்கு ரெண்டு சின்ன சர்வோ மோட்டார், முழுசா திறக்க ஒரு நிமிஷம் ஆகுற மாதிரி மெதுவா வெச்சிருக்கேன்.

ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல தண்டவாளம் நேருக்கு நேர் உக்காரலைன்னா வண்டி கடல்ல. அதுக்கு ஒரு பாதியில பித்தளை ஊசி, எதிர்ப்பாதியில பித்தளைக் குழாய். அதோட அடியில மைக்ரோ சுவிட்ச் ஒண்ணு ஒவ்வொரு பாதிக்கும். ரெண்டும் முழுசா இறங்கி சுவிட்சை அமுக்கினாத்தான் பாலத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் 40 செமீ தண்டவாளத்துக்குக் கரண்ட் வரும், இல்லைன்னா வண்டி அங்கயே நின்னுடும், சிக்னலும் சிவப்பு. நிஜப் பாலத்துலயும் காத்து அளக்கிற கருவி ஒண்ணு சிக்னலோட சேர்ந்து இருந்துச்சு, மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல அடிச்சா சிக்னல் தானா சிவப்புக்குப் போயிடும். காத்து இறங்குறதுக்காக மண்டபத்துல வண்டி மணிக்கணக்கா நின்ன ராத்திரியெல்லாம் அப்பா சொல்லுவார். 1964 டிசம்பர் புயல்ல பாம்பன்ல இருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ஆளுங்களோட கடல்ல போனதை எங்க ஊர்ல யாரும் மறக்கலை. பாலத்துல 126 கர்டர் விழுந்துச்சு, ஷெர்ஸர் ஸ்பான் மட்டும் தப்பிச்சு நின்னுச்சு, ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல திரும்ப ஓட வெச்சாங்க. அந்த மைக்ரோ சுவிட்சுக்கு ஒயர் கொடுக்கிறப்ப இதெல்லாம்தான் மனசுல ஓடுச்சு.

உப்பு பத்தி ஒரு வார்த்தை. தண்டவாளம் நிக்கல் சில்வர் வாங்குங்க, பேருலதான் சில்வர், உள்ள செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான். பித்தளை தண்டவாளம் எங்க பக்கம் பத்தே நாள்ல கருத்துடும், இரும்புன்னா கேக்கவே வேண்டாம். நிக்கல் சில்வரையும் வாரம் ஒரு தடவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைக்கணும், துடைச்சு முடிச்சு மெல்லிய பென்சிலால தலையில ஒரு கோடு இழுத்தா இன்ஜின் தடுமாறாம போகுது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற ஜாயினரை நம்பி கரண்ட் விடாதீங்க, அதுக்குள்ள உப்பு ஏறி மூணு மாசத்துல தொடர்பு விட்டுடும், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியா ஒயர் சால்டர் பண்ணிடுங்க. மணல் நம்ம கடக்கரை மணல்தான் போட்டிருக்கேன், ஆனா நல்ல தண்ணியில அஞ்சாறு தடவை அலசி, வெயில்ல காயப்போட்டு, காந்தத்தை ஓட்டிப் பார்த்துட்டுத்தான். கருப்பு மண்ணு மோட்டார்ல ஏறினா மோட்டார் போச்சு.

பனைமரம் முப்பத்தி ரெண்டு செஞ்சேன். அதை இங்க விவரிச்சா முடியாது.

கடைசியா வேகம். எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம். பாலத்தோட நீளத்தைக் குறைச்சுட்டேன், வேகத்தையும் கூட்டிட்டா அந்த எட்டு நிமிஷத்துல ஒண்ணுமே மிஞ்சாது. மணிக்கு 15 கிலோமீட்டர்னா 1:120ல செகண்டுக்கு மூணரை செமீ. முப்பது செமீ ஸ்கேலை லைன் பக்கத்துல ஒட்டி வெச்சு மொபைல்ல ஸ்டாப்வாட்ச் போட்டா, இன்ஜின் அதைக் கடக்க எட்டரை செகண்டுக்கு மேல ஆகணும். சாதா கன்ட்ரோலர்ல இது முடியாது, அவ்வளவு கம்மி வோல்ட்ல மோட்டார் திக்கித் திக்கி நின்னுடும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர், அது முழு 12 வோல்ட்டையும் சின்னச் சின்னத் துடிப்பா அனுப்பும், துடிப்போட அகலத்தை வெச்சு வேகம், அதனால மோட்டார் ஊர்ந்தாலும் விடாம ஊரும். அதைப் போட்டு, சக்கரத்தையெல்லாம் துடைச்சு, கியர்ல பழைய கிரீஸை எடுத்துட்டு துளி எண்ணெய் விட்டு, மூணு வாரம் ஓட்டிப் பழக்கினேன். இப்ப பாலம் கடக்க 52 செகண்ட்.

சத்தம் நான் எதிர்பார்க்கவே இல்லை. தரை வர்ற இடத்துலயெல்லாம் தண்டவாளத்துக்கு அடியில செருப்புக் கடையில வாங்கின மூணு மிமீ ஃபோம் ஷீட் போட்டு அது மேல ஜல்லி ஒட்டியிருந்தேன், சத்தம் அமுங்கட்டும்னு. பாலத்துல ஃபோம் இல்லை, ஜல்லி இல்லை, உள்ள வெத்தா இருக்கிற ஸ்டைரீன் கர்டர் மேல நேரா ஸ்லீப்பர். முதல் தடவை முழு வண்டியும் உடைமரத்தைத் தாண்டி வெளிய வந்து கர்டர் மேல ஏறினப்ப சத்தம் மாறுச்சு. ரூம்ல லைட்டை அணைச்சுட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். இன்னொரு தடவை.

மறுநாள் அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். மாடிப்படி அவருக்கு இப்ப சிரமம், பிடிச்சுப் பிடிச்சு ஏறி வந்து ஸ்டூல்ல உக்காந்தார். நான் ஒண்ணும் சொல்லாம கன்ட்ரோலரைத் திருகினேன். இன்ஜின் மெல்ல வெளிய வந்துச்சு, கர்டர் ஏறுச்சு, அவர் தலையைக் கொஞ்சம் சாய்ச்சு காதைக் கொடுத்துக் கேட்டார். ஷெர்ஸரைத் தாண்டி பாம்பன் கரை ஏறுற வரைக்கும் அப்படியே இருந்தார். அப்புறம் எந்திரிச்சு பாலத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, தண்டவாளத்துக்கு நடுவுல விரலை வெச்சார்.

"ஏண்டா, கார்டு ரயில் எங்க?"

கர்டர் பாலத்துல ஓடுற தண்டவாளத்துக்கு உள்பக்கமா இன்னும் ரெண்டு தண்டவாளம் போட்டிருப்பாங்க, சக்கரம் தடம் பெயர்ந்தாலும் பாலத்தை விட்டு வெளிய போகாம பிடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு, பாலம் முடியிற இடத்துல ரெண்டும் கூம்பு மாதிரி சேரும். ரிவெட்டை எண்ணி எண்ணி வெச்சவன் இதை விட்டுட்டேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் அதுக்கு போல்ட்டு முடுக்கியிருக்கேன், அது இல்லாம வண்டி விடுறியே"ன்னார். கோவமா இல்லை, ஆனா விளையாட்டாவும் இல்லை.

"போட்டுடுறேன்ப்பா."

"எப்ப?"

‘கோட் 40’னு சொல்ற ரொம்ப மெல்லிசான தண்டவாளம் ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. சால்டரிங் ஐயனை சுவிட்ச் போட்டேன், அப்பா ஸ்டூலை இன்னும் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, கூம்பு எந்த ஸ்லீப்பர்ல ஆரம்பிக்கணும்னு விரலால எண்ண ஆரம்பிச்சார்.